வீட்டில் கேட்டு வரவும்

வாசலில் ஒரு முதியவர் நின்றார். வெளியே மழை. கண்டி மழைக்கு நேராகப் பெய்யும் பழக்கம் கிடையாது. ஏரிப் பக்கமிருந்து சாய்ந்து வந்து, கதவுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும். அறையில் விரித்திருந்த தும்புப் பாய் நனைந்து, குளித்த நாய் போல மணத்தது.

முதியவர் துருக்கித் தொப்பியும் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சாரமும் அணிந்திருந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாத்தினார். அது சறுக்கி விழுந்தது. மறுபடியும் சாத்தினார். நடு மேசையில் மூன்று பெரிய மனிதர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, மூலை மேசையில் இருந்த என்னிடம் வந்தார். கந்தோர்களில் யாரிடம் பேசினால் காரியம் நடக்கும் என்று தெரிந்த மனிதர்.

“தம்பி, வெள்ளைக்காரனுக்கு உதவி செஞ்சது ஆரெண்டு கேக்குற எடம் இதுதானா?”

அந்த விசாரணைக் குழுவுக்கு நான் செயலாளன். என் நியமனக் கடிதத்தில் ‘ஓர் ஆசிரியரின் நடத்தை பற்றிய முறைப்பாடு’ என்றுதான் இருந்தது. ஆனால் இரண்டு அமர்வுகளாக நாங்கள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை ஒரே வசனத்தில் சொன்ன முதல் ஆள் இவர்தான். ஓம் என்றும் இல்லை என்றும் படும்படி தலையை ஆட்டினேன். உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வருஷமே பழகிக்கொண்ட ஆட்டம் அது.

“அப்ப நல்லம். நான் சொல்ல வந்தீக்கிறேன்” என்றார்.

அவர் சொன்னது என்ன, அதனால் இன்னொருவர் இழந்தது என்ன என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். சென்ற கிழமை கந்தோர்ப் பூனைக்குப் பால்படி அனுமதி வாங்கிய கதையை எழுதியபோது, நான் விஷயத்தை விட்டு விலகிப் போவதாக மாத்தளை வாசகர் ஒருவர் குறைப்பட்டிருந்தார். அவர் அடுத்த பகுதியைத் தாண்டிப் படிக்கலாம். நட்டம் அவருக்குத்தான்.

விலாங்கு

யாழ்ப்பாணத்தில் நான் படித்த சரித்திரத்தில் இலங்கை என்று ஓர் இடம் இருக்கவில்லை. எங்கள் மேல்வகுப்புப் பரீட்சைக்கு வினாத்தாள் சீமையிலிருந்து கப்பலில் வரும். ஆகவே சரித்திரமும் சீமையில்தான் நடந்தது. ஆங்கிலேய அரசர் ஒருவர் அளவுக்கு மிஞ்சி விலாங்கு மீன் தின்று செத்தார் என்று படித்தோம். விலாங்குக்கு எங்கள் கரையில் குறைவில்லை. அதைத் தின்று செத்த ஒருவரையும் நாங்கள் அறியோம். அந்த அரசருக்குச் சமைத்தவரின் தூளில்தான் பிழை இருக்கவேண்டும் என்று என் பக்கத்து மேசைக்காரன் சொன்னான். அவன் பிற்காலத்தில் நீதவான் ஆனான்.

யாரும் இதைக் குறையாக நினைக்கவில்லை. அந்தச் சரித்திரத்தில் ஒரு வசதி இருந்தது. சீமை அரசர் யாரைக் கொன்றாலும், யாரைக் காட்டிக்கொடுத்தாலும், வகுப்பில் இருந்த எந்தப் பிள்ளையின் தகப்பனாரும் மறுநாள் காலை பாடசாலைக்கு வந்து கத்தமாட்டார்.

இந்த வசதியின் அருமை அது போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

உள்ளூர்ச் சாதனங்கள்

நான் கண்டி வித்தியா கந்தோரில், கல்வித் திணைக்களத்தின் கிளையில், இரண்டாம் லிகிதராக இருந்த காலம். எல்லோருக்கும் வாக்குரிமை வந்து, கொழும்பில் அரசாங்க சபை கூடி இரண்டொரு வருஷம் ஆகியிருக்கும். வாக்குக் கேட்கிறவர்களுக்குப் பேச விஷயம் தேவைப்பட்டது. வீதியைப் பற்றிப் பேசினால் வீதி போட்டுக் காட்டவேண்டும். சரித்திரத்தைப் பற்றிப் பேசினால் ஒன்றும் போட்டுக் காட்டவேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துச் சபை அங்கத்தவர் இதை முதலில் கண்டுபிடித்தார். நம் பிள்ளைகளுக்கு நம் நாட்டுச் சரித்திரம் கற்பிக்கப்படவில்லை, மேல்வகுப்புகளில் சீமை அரசர்களின் கல்யாணங்களைப் படித்து இளைஞர் கெட்டுப்போகிறார்கள் என்று அவர் கூட்டம் கூட்டமாகப் பேசினார். அவர் சொன்னது உண்மை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அப்போது சீமையில்தான் படித்தார்கள்.

எதிர்ப்பக்கமும் பேசியது. பரீட்சையில் வராத பாடத்தைப் படித்து என்ன பயன் என்றார்கள் பெற்றோர். புத்தகம் இல்லையே என்றார்கள் அதிபர்கள். இருந்த ஒரே புத்தகம் ஓர் ஆங்கிலப் படை அதிகாரி எழுதியது. அதில் அவர் மட்டும்தான் நல்லவர்.

கடைசியில் கொழும்புத் தலைமைக் கந்தோர் ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. மேல்வகுப்புகளில், நேரம் இடம் கொடுக்குமாயின், இந்நாட்டுச் சரித்திரமும் கற்பிக்கப்படலாம். புத்தகம் வெளிவரும்வரை ஆசிரியர்கள் உள்ளூர்ச் சாதனங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சுற்றுநிருபம் எழுதிப் பழகியவன் என்ற முறையில் இதன் பொருளைச் சொல்கிறேன். ‘நேரம் இடம் கொடுக்குமாயின்’ என்றால் செய்யவேண்டாம். ‘உள்ளூர்ச் சாதனங்கள்’ என்றால் எங்காவது ஓர் உடைந்த கல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகவும். மாகாணத்தில் இருந்த அத்தனை ஆசிரியர்களும் அதை அப்படியே விளங்கிக்கொண்டார்கள், ஒருவரைத் தவிர.

முப்பது வீரக் குடும்பங்கள்

அவர் பெயர் செல்லத்துரை. ஏரிக்கு மேலே மேட்டில் ஓர் ஆங்கிலப் பாடசாலையில் சரித்திர ஆசிரியர். என் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி அவர் ஊர். வேதக்காரர், கிறிஸ்தவர். ஒல்லியான உடம்பு, சட்டைக் கையில் எப்போதும் வெண்கட்டித் தூள். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளுமாகப் பேராதனைச் சந்திக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் ரயில் போகும்போது எல்லோரும் வசனத்தை நடுவில் நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். சின்னப் பெண் ரயில் இல்லாத இடத்திலும் அப்படி நிறுத்துவாள்.

செல்லத்துரை மாஸ்டருக்கு எழுதியிருப்பதை எழுதியபடியே நம்பும் நோய் இருந்தது. உள்ளூர்ச் சாதனம் என்றால் என்ன என்று யோசித்தார். கண்டியின் கடைசி அரசன் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு நூற்றுச் சொச்சம் வருஷம். பிள்ளைகளின் வீடுகளில், அந்தக் காலத்தவரோடு பழகிய கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைவிட உள்ளூரான சாதனம் எது?

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்தார். அரசன் பிடிபட்ட வருஷத்தில் உங்கள் குடும்பம் என்ன செய்தது? வீட்டில் கேட்டு வரவும்.

மறு கிழமை பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பிச் சொன்னார்கள். கண்டிச் சிங்களப் பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் முதலில். ஒரு வீட்டில் அரசியின் பல்லக்கை நெற்கூடத்தில் ஒளித்து வைத்தார்கள். இன்னொரு வீட்டில் முப்பாட்டனார் ஒற்றை ஆளாகக் கணவாயை மறித்து நின்றார். வாள் இன்னும் சுவரில் தொங்குகிறது. மூன்றாவது வீட்டிலும் முப்பாட்டனார் ஒற்றை ஆளாக அதே கணவாயை மறித்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் எப்படிக் காணாமல் விட்டார்கள் என்று வகுப்பு யோசித்தது. முஸ்லிம் வைத்தியர் வீட்டுப் பிள்ளை, அரசனுக்குக் கடைசி மருந்து தங்கள் வீட்டு உரலில் இடித்தது என்றான். பறங்கிப் பிள்ளை ஒருவன், தன் குடும்பம் அப்போது காலியில் இருந்ததாகவும் எல்லோருக்கும் காய்ச்சல் என்றும் சொன்னான்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கங்காணியின் பேரன் எழும்பி, “நாங்க அப்ப இன்னும் வரவே இல்லீங்க சார்” என்றான். அந்த வகுப்பில் சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரே குடும்பம் அது.

மடவளையிலிருந்து வந்த சாலி என்ற பிள்ளை மட்டும், வீட்டில் கேட்டதற்கு மூத்தாப்பா, அதாவது பாட்டனார், பதில் சொல்லாமல் எழும்பிப் போய்விட்டார் என்றான். அவனை உட்காரச் சொன்னார் மாஸ்டர்.

பிறகு வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். இங்கிலீஷில், சத்தம் போடாமல், உண்மையில் அறிய விரும்பிய மனிதராக. முப்பது வீட்டில் ஒன்றும் அரசனுக்கு எதிராக நிற்கவில்லை என்றால், அரசனைப் பிடித்துக் கொடுத்தது யார்?

மணி அடித்தது. பிள்ளைகள் கேள்வியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

பெத்திசம்

மூன்றாம் நாள் பெத்திசம், முறைப்பாட்டு மனு, வந்தது. அந்நாளில் அரசாங்கக் கச்சேரி மரத்தடியில் பெத்திசம் எழுதிக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். எந்தக் குறையானாலும் முதல் பந்தி ஒன்றுதான்: மாட்சிமை தங்கிய சமூகத்தின் பாதத்தில் பணிந்து, கண்ணீரோடு. பக்கத்து வீட்டுப் பலாமரம் சாய்ந்தாலும் கண்ணீர், பரம்பரை மானம் போனாலும் கண்ணீர்.

இதில் பரம்பரை மானம். கண்டியின் உயர்ந்த குடும்பங்களைத் துரோகிகள் என்று ஓர் ஆசிரியர் பிள்ளைகளுக்குப் போதிக்கிறார், அவரும் வடக்கத்தியான், ஆகவே அவரை ஆசிரியர் பதிவிலிருந்து நீக்கவேண்டும். கீழே முழ நீளத்துக்குக் கையெழுத்துகள்.

சபை அங்கத்தவர் உடனே கூட்டம் போட்டார். நாட்டுச் சரித்திரம் வேண்டும் என்று கேட்ட அதே மேடை, அதே விளக்கு. இம்முறை நாட்டுச் சரித்திரத்தைக் கண்ட கண்ட ஆட்கள் கையில் கொடுக்கக்கூடாது என்றார். கைதட்டலும் அதே அளவு.

பதிவு ரத்தானால் இலங்கையில் எந்தப் பாடசாலையும் செல்லத்துரை மாஸ்டரின் கையில் வெண்கட்டி கொடுக்க முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஊரில் காணியும் இல்லை.

விசாரணைக்கு மூவர் கொண்ட குழு நியமிக்கப்பட்டது. தலைவர், ஓய்வுபெற்ற ரட்டே மஹத்மயா ஒருவர். மலைநாட்டில் ஒரு பிரிவையே ஆண்ட பரம்பரை அதிகாரி, மிக மரியாதையான மனிதர். தும்மினாலும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். இரண்டாமவர் அந்தச் சபை அங்கத்தவர். முறைப்பாட்டுக்காரருக்காக மேடையில் பேசியவர் தீர்ப்புச் சொல்லவும் இருக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்று விதி இருந்தது. அந்த விதியை யாராவது எழுத்தில் கேட்டால்தான் அது எழும்பும். மூன்றாமவர் பாடசாலையின் மனேச்சரான வெள்ளைக்காரப் பாதிரியார். யாரோடும் பகைக்காமல் பரலோகம் போக விரும்பியவர்.

செயலாளன் நான். மாஸ்டர் என்னைத் தபால் கந்தோர் முன்னால் கண்டார். ஒரு வருத்தக் கடிதம் கொடுத்துவிட்டால் முடிந்துவிடும் மாஸ்டர் என்றேன்.

“குடுக்கலாம் ஐசே. நான் செய்த பிழை என்னெண்டு அவையளை எழுதித் தரச் சொல்லும். அதுக்கு வருத்தம் தெரிவிக்கிறன்” என்றார்.

அவர் பிடிவாதத்தில் சொன்னார். எனக்கு அது விதி நூலாகக் கேட்டது.

பாதிக்கப்பட்டவர் தேவை

முறைப்பாட்டில் பாதிக்கப்பட்டவர் யார் என்று குறிப்பிடப்படாவிட்டால் குற்றச்சாட்டு வரையக்கூடாது. முதல் அமர்வில் இதைத் தலைவரிடம் பணிவாகச் சொன்னேன். விதி எனக்குத் தெரியும். கேட்ட இடத்தில் சொல்வதற்குத்தான் சம்பளம்.

“எல்லாக் குடும்பங்களும் பாதிக்கப்பட்டிருக்கின்றன” என்றார் அங்கத்தவர்.

எல்லாம் வேண்டாம், ஒன்று போதும் என்றேன். ஒரு குடும்பம் முன்வந்து, அரசனைப் பிடித்துக் கொடுத்தது யார் என்ற கேள்வி எங்களைத்தான் குறிக்கிறது என்று சொன்னால் நான் குற்றச்சாட்டை அன்றைக்கே தட்டெழுதித் தந்துவிடுவேன்.

அங்கத்தவர் தேநீரைக் கலக்கினார். தலைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தும்மினார்.

கையெழுத்து வைத்த எல்லோருக்கும் அழைப்பாணை போனது. இரண்டாம் அமர்வுக்கு ஒருவரும் வரவில்லை. பதில்கள் வந்தன. ஒருவருக்கு மலேரியாக் காய்ச்சல். ஒருவருக்கு வயல் வேலை. ஒருவர் அது தன் கையெழுத்தல்ல, தம்பியுடையது என்றார். தம்பி, அது அண்ணனுடையது என்றார். இன்னொருவர், பெத்திசத்தில் கையெழுத்து வைத்தது உண்மை, ஆனால் அது பாலம் கட்டக் கேட்ட பெத்திசம் என்று நினைத்து வைத்தது என்றார்.

பாதிரியார் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஓர் அமர்வு யாரும் வராவிட்டால் முறைப்பாட்டைத் தள்ளுபடி செய்வதைத் தவிர வழியில்லை. செல்லத்துரை மாஸ்டருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மூன்றாம் அமர்வில், மழையில், ஹாஜியார் வந்தார்.

ஹாஜியார் சொன்னது

மடவளையில் அவரை எல்லோரும் லெப்பை ஹாஜியார் என்பார்கள். பாக்கும் மிளகும் வாங்கி விற்கும் வியாபாரி, சொந்தமாக ஒரு பஸ். சாலியின் மூத்தாப்பா. விசாரணை நடப்பதை பஸ்காரர்கள் சொல்லக் கேட்டு, தானாகப் புறப்பட்டு வந்திருக்கிறார். கதிரையில் உட்கார மறுத்தார். நின்றபடியே, மேசையின் விளிம்பை ஒரு விரலால் தடவிக்கொண்டு பேசினார். நான் ஒவ்வொரு வசனமாக இங்கிலீஷில் சொன்னேன். தலைவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அவர் தகப்பனார் காலத்தில் வீட்டுக்கு வந்த வியாபாரிகள் எல்லோரும் தமிழ்தான் பேசினார்கள். ஆனால் அன்று மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தார்.

ஹாஜியாரின் பாட்டனார் தவளம் ஓட்டியவர். மாட்டின் முதுகில் இரண்டு பக்கமும் மூடை தொங்கவிட்டு, வண்டி போகாத மலைப்பாதையில் வரிசையாக நடத்திக்கொண்டு போவார்களே, அந்தத் தவளம். ஆங்கிலப் படை மலையேறி வந்தபோது அரிசியும் வெடிமருந்தும் சுமந்தவற்றில் அவருடைய மாடுகளும் இருந்தன. வீட்டில் இதைப் பேசுவதில்லை. ஹாஜியாரின் தகப்பனார் சாகும் தறுவாயில் ஒரு தடவை சொன்னார்.

“பொடியன் வந்து கேட்ட அண்டைக்கு எனக்கு வாய் வரல்ல. எழும்பிப் போய்ட்டேன். பொறகு பாத்தா, ஊரில எல்லாரும் எதையோ சொல்லி ஈக்காங்க. எங்கட பொடியன் மட்டும் பேசாம நின்ட. பொய் சொல்லவும் ஏலா, சும்மா நிக்கவும் ஏலாதே தம்பி. அதான் வந்த.”

நான் மொழிபெயர்த்து முடித்தபோது அறையில் நடந்ததை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. மூன்று பேரும் ஒருமிக்கக் கதிரையில் சாய்ந்தார்கள். பூட்டிய அறையில் யாரோ சன்னலைத் திறந்தது போல இருந்தது. அங்கத்தவர், விசாரணை தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகத் தன் பேனையைத் திறந்தார்.

“ஆகவே அவர்கள்தான்” என்றார்.

அவர் கையில் இப்போது ஒரு விடை இருந்தது. விடை ஒரு பெரிய குடும்பம் அல்ல. வளவ்வ எனப்படும் மலைநாட்டு மாளிகைகளில் ஒன்றும் அல்ல. அடுத்த மேடைக்கு அது போதும்.

பாதிரியார் சந்தோஷப்பட்டார். ஆசிரியர் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த விடை பெத்திசம் எழுதியவர்களைத் தொடவில்லை. எனவே கேள்வி யாரையும் அவமதிக்கவில்லை. செல்லத்துரை நாளைக்கே வகுப்புக்குப் போகலாம். வரப்போகும் புத்தகத்துக்கும் இது பயன்படும் என்றார். தலைவர் தலையசைத்து, இன்னொரு தேநீர் கொண்டுவரச் சொன்னார். ஹாஜியாருக்கும் சேர்த்து.

மாஸ்டர் சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடிந்துவிட்டது. அவர் எழும்பி நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

ஒரு கேள்வி

விசாரிக்கப்படுபவர் சாட்சியிடம் கேள்வி கேட்கலாம். அதுவும் விதிதான். யாரும் அதைப் பயன்படுத்தி நான் கண்டதில்லை.

அவர் எழும்பி, இங்கிலீஷை விட்டுவிட்டுத் தமிழில் கேட்டார். “ஹாஜியார், அந்தச் சுமையை ஏத்தச் சொன்னது ஆர்?”

ஹாஜியார் திரும்பவில்லை. மேசை விளிம்பைத் தடவிய விரல் நின்றது.

“அத இந்த எடத்துல கேக்கணுமா மாஸ்டர்?”

“கேக்கத்தான் வேணும். இல்லாட்டி அந்தப் புத்தகத்தில உங்கட ஆக்கள் மட்டும்தான் நிப்பினம்.”

ஹாஜியார் தலைவரைப் பார்த்தார். பகை இல்லை, பெரிய வீட்டுக்காரர் முன்னால் கெட்ட செய்தி சொல்ல நேர்ந்தவரின் சங்கடம் அது.

“மாடு எங்கட. சுமை எங்கட இல்ல. ராஜகாரியம் எண்டு வளவ்வயிலேருந்து ஆள் வந்தா ஏத்துறதுதான், ஆருக்கு எண்டு கேக்க ஏலா. ராஜாட அரிசிண்டு சொல்லித்தான் ஏத்தினாங்க. பாதி வழியிலதான் வெளங்கீக்கு.” தலைவர் பக்கம் விரலை நீட்டாமல் கண்ணால் மட்டும் காட்டினார். “இந்த ஹாமு மஹத்தயாட வளவ்வ. கோவிச்சுக்காதீங்க ஹாமு. எங்கட வாப்பா சொன்னத்தான் சொன்ன.”

பாதிரியார் என்னைப் பார்த்தார். ஹாஜியார் என்ன சொன்னார் என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். தலைவர் கையை உயர்த்தினார். முகம் மாறவில்லை. அந்த அளவுக்குப் பழகிய மரியாதை. அந்தக் கடைசிக் கேள்வியையும் பதிலையும் விட்டுவிட்டு மிச்சத்தைப் பதிய முடியுமா என்று என்னிடம் கேட்டார்.

முடியாது, வாக்குமூலத்தைப் பதிந்தால் முழுதாகப் பதியவேண்டும் என்றேன்.

சாட்சிக்கு அழைப்பாணை போனதா?

இல்லை.

அழைக்கப்படாதவர் சொன்னதைக் குழு பதியாமலே விடலாமா?

குழு விரும்பினால் விடலாம் என்றேன்.

குழு விரும்பியது. அங்கத்தவர் பேனையை மூடினார். அவருக்கு அந்த வளவ்வயின் வாக்குகளும் வேண்டும். ஹாஜியாருக்கு வந்த தேநீரை பியோன் என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஹாஜியார் அதை வாங்கி, நின்றபடியே குடித்து, கோப்பையை மேசையில் வைக்காமல் பியோனின் கையிலேயே கொடுத்தார்.

வாசலில்

மழை விட்டிருந்தது. புத்தரின் பல் வைத்திருக்கும் மாளிகைப் பக்கமிருந்து மாலை மேளம் கேட்டது. நான் கோப்புகளைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது இருவரும் படியில் நின்றார்கள்.

“நான் வராட்டி நீங்க தப்பி ஈப்பீங்க. நான் வந்துதான் கெட்ட” என்றார் ஹாஜியார்.

“இல்லை ஹாஜியார்” என்றார் மாஸ்டர். “முப்பது வீட்டுக்கு வீட்டுவேலை குடுத்தனான். செய்துகொண்டு வந்தது நீங்கள் ஒராள்தான்.”

“பொடியனுக்கு மார்க் ஈக்கா அப்ப?”

மாஸ்டர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. பல் கொஞ்சம் மிதப்பு.

மாஸ்டர், இது தேவையா, எல்லாம் முடிந்த பிறகு ஏன் எழும்பினீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்து, கீழே ரயில் ஊதியதும் நிறுத்தி, ரயில் போன பிறகு தொடரவில்லை.

கணக்கு

குற்றச்சாட்டு வரைய முடியாததால் பதிவு ரத்தாகவில்லை. ஆனால் தண்டனைக்குத்தான் குற்றச்சாட்டு வேண்டும். மாற்றத்துக்கு வேண்டாம். பாடசாலையின் நன்மை கருதி, திரு. செல்லத்துரை இனிமேல் சரித்திரம் கற்பிக்காமல் கீழ்வகுப்புகளுக்குக் கணக்குக் கற்பிக்கலாம் என்று குழு சிபாரிசு செய்தது. கீழ்வகுப்புக்குக் கீழ்ச் சம்பளம். அதில் வீட்டு வாடகை போனால் மிச்சம் ஒருவருக்குத்தான் காணும். மனைவியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, ஒரு கடையின் மேல்மாடியில் அறை எடுத்தார். அந்த அறையில் எந்த ரயிலும் கேட்காது.

மேல்வகுப்புச் சரித்திரமும் அத்தோடு தெளிந்தது. அடுத்த சுற்றுநிருபம், உள்ளூர்ச் சாதனங்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவையாக இருத்தல் விரும்பத்தக்கது என்றது. பிள்ளைகள் குளக்கட்டுகளைப் பற்றிப் படித்தார்கள். குளத்தைக் கட்டியவரின் பேரன் யாரும் பெத்திசம் அனுப்பவில்லை.

சில வருஷங்கள் கழித்து, புதிதாக வந்த வித்தியாதரிசி ஒருவர் அந்தப் பாடசாலையைப் பரிசோதித்துவிட்டு நேராக என் மேசைக்கு வந்தார். நான் அப்போது பிரதம லிகிதர். கீழ்வகுப்புக் கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் எழுதியிருந்ததைத் தன் கொப்பியில் பிரதி எடுத்திருந்தார். வாசித்துக் காட்டினார்.

‘ஒரு தவளத்தில் நாற்பது மாடுகள். மாட்டுக்கு இரண்டு மூடை. வளவ்வயிலிருந்து ஆள் வந்து ஏற்றச் சொன்னார். எல்லாம் அரசனுடைய அரிசி என்றார். பாதி வழியில் அது ஆங்கிலப் படைக்குப் போவது தெரிந்தது. ஒரு மாடும் திரும்பவில்லை. படைக்கு எத்தனை மூடை கிடைத்தது?’

வகுப்பு முழுவதும் கை உயர்த்தியதாம். எழும்பி எண்பது என்று சொன்ன பிள்ளை, விசாரணைக் குழுத் தலைவரின் மகள் வயிற்றுப் பேரன்.

“இவருக்குச் சரித்திரம் படிப்பிக்கத் தடை இருக்கிறதாமே. இதை நான் என்னவென்று பதிவது?” என்றார் வித்தியாதரிசி.

விதி நூலை எடுத்தேன். எடுக்கத் தேவையில்லை, மரியாதைக்காக எடுத்தேன். பாடங்களைப் பிரிக்கும் விதி என்று அதில் ஒன்றும் இல்லை. ஆகவே ஒன்றை அங்கேயே உண்டாக்கினேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நானாக உண்டாக்கிய விதி அது ஒன்றுதான்.

“கடைசியில் யார் என்று கேட்டால் சரித்திரம், சேர். எத்தனை என்று கேட்டால் கணக்கு.”

அவர் கொப்பியை என் மேசையில் விரித்தார். பிறகு பேனையை எடுத்து, கணக்கு, விடை சரி என்று எழுதினார்.